மாமனாரின் டம்பி லெவல்

திருப்பாதிரிப்புலியூர்,
4.3.2012

அன்புள்ள மச்சான் சிற்சபேசனுக்கு, ராமாமிர்தம் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அப்பாவின் டம்பி லெவலும் சௌக்கியம். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் நலம் சொல்லும் பட்டியல் இத்துடன் முடிந்தது. சிதம்பரத்தில் நீயும் சிவப்ரியாவும் பிள்ளைகளும் நடராஜர் புண்ணியத்தில் நன்றாகவே இருப்பீர்கள்.

உன் கடிதம் கிடைத்தது. "அப்பா இன்ஜினியரா இருந்தப்ப வச்சிருந்த லெவலை எங்க ஹால் ஷோகேஸ்ல வைக்கணும், குடுத்துடுங்க" என்று எழுதியிருக்கிறாய். உன் அக்காவின் காரியத்துக்கு வந்து போனவன், பத்து மாதம் கழித்து ஒரு பித்தளைக் குழாயை விசாரிக்கிறாய். என் சர்க்கரையைப் பற்றி ஒரு வரி இல்லை. இருக்கட்டும். தாராளமாக எடுத்துக்கொண்டு போ, அதனால் நான் பட்ட பாடு போதும்.

தானே புயலில் மொட்டை மாடித் தளம் பெயர்ந்துபோய், மேஸ்திரி சடையப்பனை வைத்துப் புதிதாகப் போட்டேன். போன வாரம் பார்த்தால் மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கூப்பிட்டுக் காட்டினால், "வாட்டம் சரியாத்தான் இருக்குது சார். மழையே பேயல, தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்று என்னையே கேட்கிறான். அவன் வாயை அடைக்க உன் அப்பாவின் பெட்டியைத் திறந்து, மேடு பள்ளம் அளக்கிற அந்த லெவலை மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, இது ஒற்றை ஆள் செய்கிற காரியமே இல்லை. குழாய் வழியாக ஒருவர் பார்க்க வேண்டும், எதிரே ஒருவர் நம்பர் போட்ட அளவுக்கட்டையை ஆடாமல் நிறுத்திப் பிடிக்க வேண்டும். கட்டையைக் கொடிக்கம்பியில் கட்டிவிட்டு வந்து கண்ணை வைப்பதற்குள், அது காயப்போட்டிருந்த என் வேட்டியையும் இழுத்துக்கொண்டு பக்கத்து ஜான்சி டீச்சர் வீட்டில் விழுந்தது. டீச்சர் பாவப்பட்டுப் பிடிக்க வந்தார். அந்தக் காலத்துக் குழாயில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நான் அதை மறந்து, "கட்டையைத் திருப்புங்க டீச்சர்" என்றேன். அவரும் திருப்பினார். நம்பர் நேராகத் தெரிந்தது, கணக்குப் போட்டால் மொட்டை மாடி தெருவுக்குக் கீழே இருந்தது. அதற்குள் அவருக்குப் போன் வந்து போய்விட்டார்.

சரி, தெருவிலிருந்தே ஆரம்பிப்போம் என்று ஸ்டாண்டை வாசலில் போட்டேன். நாலு வீடு தள்ளி இருக்கும் தேவசகாயம் ஓடி வந்து, "சார், மறுபடியும் ரோட்ட ஒசத்தப் போறாங்களா? போன தடவயே எங்க வீடு ரெண்டு படி உள்ள போயிடுச்சி" என்றார். "ரிடையர் ஆனவுங்களத்தான் இப்ப இதுக்குப் போடுறாங்களாம்" என்று யாரோ சொல்ல, தெருவே கூடிவிட்டது. பதினோரு பேர். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒருவர் நாற்காலி போட்டார், சின்னம்மாள் டிபன் டப்பாவில் இட்லி கொண்டுவந்தாள், ஆள் மாற்றி ஆள் கட்டை பிடித்தார்கள். சாயந்திரம் உண்மை தெரிந்ததும் நாற்காலியோடு போய்விட்டார்கள். நாலு நாளாக யாரும் பேசுவதில்லை. டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன், கேட்டுக்கூட வரவில்லை.

இந்த வீடு கட்டும்போது இதே லெவலில் உன் அப்பா பார்க்க, உன் அக்கா கல்யாணசுந்தரிதான் கட்டை பிடித்தாள். "ஆடாத நில்லும்மா" என்றார். மத்தியான வெயிலில் அசையவே இல்லை. முப்பத்து மூன்று வருஷம் எனக்கு எதிரேயும் அப்படித்தான் நின்றாள். இப்போது பார்த்தால் எதிரே சுவர்தான் இருக்கிறது மச்சான். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடு. எனக்கு யார் தயவும் வேண்டாம். பாடலீஸ்வரர் உங்கள் எல்லோரையும் குறையில்லாமல் வைக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ராமாமிர்தம்

பி.கு.: சடையப்பன் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாடியில் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியது நான்தான். அவன் வந்தால் அரைமணி நேரம் பேசிக்கொண்டு இருப்பான். லெவலை இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை. மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு வா. நான் பார்க்கிறேன், நீ கட்டை பிடி.