தராசு சாரின் எதிராளி இல்லாத தங்கங்கள்

திருவனந்தபுரத்தில் மல்யுத்தமே செய்யாமல் அதிக மல்யுத்தப் பதக்கம் வாங்கிய அணி எங்கள் கல்லூரி அணிதான். அந்தக் கேவலத்துக்கு முழுப் பொறுப்பு எங்கள் கோச் தராசு சார். யாராவது மறுப்பதாக இருந்தால் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களில் யாருக்கும் தெரியாது. நாகர்கோவில் பக்கத்து ஆள். குள்ளம். கழுத்து கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். காதுகள் இரண்டும் காலால் மிதித்த பணியாரம் மாதிரி இருக்கும். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் வேலை. ஆனால் நடை மட்டும் கல்லூரியைக் கட்டியவர் நடை.

"மல்யுத்தம் கோதாவுல நடக்காதுடே, தராசுல நடக்கும்" என்பார். அவர் கண்டுபிடித்த சூத்திரம் இதுதான். மல்யுத்தத்தில் எடைப் பிரிவுகள் உண்டு. கேரளத்தில் ஃபுட்பாலுக்கு ஆள் முட்டி மோதும். மல்யுத்தத்துக்கு வருகிறவன் குறைவு. அதனால் பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டு மூன்று பிரிவுகள் காலியாகக் கிடக்கும். அங்கே ஒருவனைக் கொண்டு நிறுத்தினால் எதிராளி கிடையாது. தங்கம் நமக்கு.

எந்தப் பிரிவு காலி என்று தெரிந்துகொள்ள அவர் செய்த வேலையை உளவுத்துறை செய்யாது. மற்ற கல்லூரிகளின் கேன்டீனுக்குப் போவார். யாரோ ஒரு பையனின் மாமா என்று சொல்லிக்கொண்டு டீ குடிப்பார். பேச்சுக் கொடுத்து அவர்கள் பையன்களின் எடையை வாங்கி வந்துவிடுவார். பிறகு அந்த ஓட்டைகளுக்கு ஏற்ப எங்களை ஊதவைப்பார், அல்லது வற்றவைப்பார்.

என் இயல்பான எடை எழுபத்திரண்டு கிலோ. எழுபத்துநாலு கிலோ பிரிவில் நிற்கவேண்டியவன். மூன்று வருடத்தில் ஒரு நாளாவது அதில் நின்றேனா? இல்லை. முதல் வருடம் அறுபத்தைந்தில் நிறுத்தினார். இரண்டாம் வருடம் எண்பத்தாறில். எங்கள் பெயரையும் அவர் மனப்பாடம் செய்வதில்லை, பிரிவைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "எடே அறுபத்தஞ்சு, இஞ்ச வா!" அடுத்த வருடம் அதே ஆளை, "எடே எண்பத்தாறு!" இரண்டு பேரும் நான்தான்.

கல்லூரியில் இருந்த எடை மெஷினை அவர் நம்பமாட்டார். சனிக்கிழமைதோறும் சாலைக் கடைத்தெருவில் ஒரு வெல்ல மண்டிக்கு எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போவார். மூட்டைகளுக்கு நடுவில் ஜட்டியோடு தராசில் ஏறி நிற்கவேண்டும். மண்டிக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த மூட்டை போன வாரத்துக்கு நல்லா எளச்சிருக்கே, ஓட்டையா?" என்பார். சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். சார் சிரிக்கமாட்டார். "ரெண்டு நாள் வெள்ளம் குடிக்காதடே" என்பார்.

அறுபத்தைந்துக்காக என்னைப் பொன்முடிக்குக் கூட்டிப்போய், மழைக்கோட்டு மாட்டி, பங்குனி வெயிலில் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிவிட்டார். ஓடினேன். எஸ்டேட் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்து யாரோ பைத்தியம் தப்பி வந்துவிட்டது என்று பயந்து, உட்காரவைத்து டீயும் நாலு ஏத்தம்பழமும் கொடுத்தார்கள். பின்னாலேயே வந்த சார், பழத்தோலை எண்ணிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பவும் மேலே ஏறவைத்தார்.

எண்பத்தாறு அதைவிட மோசம். தினமும் பத்து முட்டை. நான் வலியசாலை அக்ரஹாரத்துப் பையன். வீட்டில் முட்டை என்ற சொல்லையே சொல்ல முடியாது. கிழக்கேகோட்டையில் ஒரு தட்டுக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஆம்லெட் தின்பேன். கோயிலுக்குப் போன எதிர்வீட்டு மாமி என் முதுகையே அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏண்டா, ஆத்துல நான் போடற சாதம் போறாதா நோக்கு?" என்று அம்மா அழுதாள்.

"தங்கம் வாங்கணும்மா."

வாங்கினேன். சிவப்பு உடையில் கோதாவின் நடுவில் நின்றேன். எதிரே காற்று. நடுவர் என் கையைத் தூக்கினார். இறங்கிவிட்டேன். படம் பேப்பரில் வந்தது.

"யாரைடா ஜெயிச்சே?" என்றாள் அம்மா.

"யாரையும் இல்லம்மா."

"நல்லதாப் போச்சு. பாவம், அவாளுக்கு அடிகிடி பட்டிருந்தா?"

இதில் எரிச்சல் எங்கே என்றால், தினமும் விடியற்காலை இரண்டு மணி நேரம் அவர் எங்களுக்கு நிஜமாகவே மல்யுத்தம் கற்றுக்கொடுத்தார். பிடி, விலகல், காலை இழுத்து வீழ்த்துவது, எல்லாம். முதுகுத்தோல் உரிய உரியச் செய்தோம். கடைசியில் பாதிப் பேருக்கு எதிராளி கிடையாது. மாப்பிள்ளைக்கு அலங்காரம் செய்து, பெண்ணே இல்லாத மண்டபத்தில் உட்காரவைத்த மாதிரி. இப்படித்தான் ஆறு வருடம் தொடர்ந்து பல்கலைக்கழக டிராபியை வாங்கினார்.

என் கடைசி வருடம் இரண்டு இடிகள் விழுந்தன. புதிதாக வந்த பிரின்சிபாலுக்கு எங்கள் பயிற்சி ஹாலை ஏசி செமினார் ஹாலாக மாற்ற ஆசை. சாரைக் கூப்பிட்டு, "மாஷே, ஈ வர்ஷம் டிராபி இல்லெங்கில் ஹாலும் இல்ல, காண்ட்ராக்டும் இல்ல. மனசிலாயோ?" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை. ஒரு பிரிவில் ஒரே ஆள் இருந்தால் இனிப் பதக்கமும் இல்லை, புள்ளியும் இல்லை.

அந்த வருடம் என்னை எழுபத்தொன்பது கிலோவுக்கு ஊதவைத்திருந்தார். அதில் என்னைத் தவிர ஆள் இல்லை. வேறு மனிதராக இருந்தால் என்னை எழுபத்துநாலுக்கு மாற்றியிருப்பார். தராசு சார் எனக்கு எதிராளி தேடக் கிளம்பினார்.

ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கல்லூரியில் செல்வம் என்ற பையனைப் பிடித்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். லீவு நாளில் அவனும் அப்பாவோடு சிமெண்ட் மூட்டை சுமப்பான். எழுபத்தெட்டு கிலோ, அத்தனையும் எலும்பு. அவன் கல்லூரியில் மல்யுத்தம் என்றால் டிவியில் வருவது என்று நினைத்திருந்தார்கள்.

"சும்மா வந்து நின்னா போதும் மக்கா" என்று சொல்லித்தான் அவனைச் சம்மதிக்கவைத்தார். பிறகு அவருக்கே பயம் வந்துவிட்டது. விழத் தெரியாமல் விழுந்தால் பையன் கழுத்து ஒடியுமே? அதனால் விழக் கற்றுக்கொடுத்தார். விழக் கற்றவனுக்கு நிற்கத் தெரியவேண்டாமா? அதையும் கற்றுக்கொடுத்தார். மூன்று வாரம், எங்கள் பயிற்சி முடிந்ததும் பஸ் பிடித்து அங்கே ஓடினார். அந்த மனிதருக்கு ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

போட்டி அன்று மாலை நிலவரம் இது: எல்லாப் பிரிவும் முடிந்துவிட்டது, என்னுடையது மட்டும் பாக்கி. நான் ஜெயித்தால் டிராபி எங்களுக்கு, சாருக்கு வேலை. தோற்றால் இரண்டும் இல்லை. கோதாவில் ஏறித் திரும்பிப் பார்க்கிறேன், என் மூலை நாற்காலி காலி. சார் எதிர் மூலையில், செல்வத்துக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருக்கிறார்.

"சாரே! அங்க என்ன செய்யறீங்க?"

"அவனுக்கு ஆருமில்லடே. ஒனக்குப் பின்னால டீமே இருக்குல்லா?"

மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் எதிராளி. அவனுக்கு என் கோச். விளங்குமா?

"வலது கால்! அவன் வலது கால முன்னால போட்டுத்தான் நிப்பான்! பிடிடே செல்வம், அது அவன் சீக்கு!" என்று கத்தினார். எனக்கு அப்படி ஒரு சீக்கு இருப்பதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. பிடித்தான். விழுந்தேன். ஆறுக்கு நாலு. தோற்றேன்.

எங்கள் உடற்கல்விப் பேராசிரியர் ஒரு தாளோடு ஓடிவந்தார். அடுத்த கல்லூரி கோச் செல்வத்தின் மூலையில் உட்கார்ந்தது விதிமீறல். தோற்றவன் அரை மணி நேரத்துக்குள் புகாரில் கையெழுத்துப் போட்டால் முடிவு ரத்து, டிராபி எங்களுக்கு. நான் பேனாவை வாங்கிவிட்டேன். எனக்குத் தங்கம் வேண்டாம், அந்தக் கிறுக்கனுக்கு வேலை போகக்கூடாது.

"பேனாவ வைடே" என்றார் சார்.

"வேலை போயிடும் சார்!"

"போட்டும்."

"ஆறு வருஷமா காத்தோட சண்டை போட்டு டிராபி வாங்கினீங்க! அப்பல்லாம் வராத மானம் இப்ப எங்கேர்ந்து வந்தது?"

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "வராதவன்ட்ட ஜெயிக்கலாம்டே. அதுல ஒரு தப்பும் இல்ல. வந்து மெனக்கெட்டு ஜெயிச்சவன, தாள்ல எழுதித் தோக்கடிக்கப்பிடாது."

செல்வம் கொஞ்சம் தள்ளி நின்றான். கழுத்தில் தங்கம் போடப்போகிறார்களா இல்லையா என்று தெரியாமல், துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தான். அந்த அரை மணி நேரமும் நான் சாரைத் திட்டினேன். அக்ரஹாரத்தில் கேட்டறியாத வார்த்தைகளை எல்லாம் சொன்னேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவர் ஒப்பந்தம் முடிந்தது. ஹாலில் ஏசி மாட்டினார்கள். தூக்கி வெளியே போட்டிருந்த பயிற்சி மெத்தைகளைச் செல்வமும் நானும் கேட்டு வாங்கிக் கட்டிச் சுமந்தோம். கிள்ளிப்பாலத்தில் ஒரு டயர் கடையின் மாடியைப் பிடித்தோம். அங்கே தினமும் காலையில் யார் வந்தாலும் சார் கற்றுக்கொடுக்கிறார். டயர் கடைப் பையன்கள் வருகிறார்கள், ஓட்டலில் வேலை செய்கிறவர்கள் வருகிறார்கள், போன மாதம் ஒரு வக்கீல் வந்தார்.

இப்போது சாருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. படி ஏற முடியாது. வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிற ஜென்மமா? அதனால் காலையில் நான் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறுகிறேன். ஒவ்வொரு படியிலும் திட்டுவார். "இது பிடியாடே? இடுப்பத் தாழ்த்து! முதுகு வளையப்பிடாது!" கீழே போட்டுவிடலாமா என்று தினமும் தோன்றும்.

செவ்வாய்க்கிழமை செல்வத்தின் முறை. அவன் தூக்கினால் திட்டே கிடையாதாம், பிடி அருமையாக இருக்கிறது என்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து செவ்வாய்க்கிழமையும் நானே போய்விடுகிறேன்.