அவள் விஷயம் வேறு

ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் வழிகாட்டும் தகப்பன் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் எங்கள் ஊர்க்காரரான லாயிட் ஹான்ஸென் அந்த இனத்தின் அசல் வித்து. பிழைப்புக்குக் காப்பீட்டு முகவர். பொழுதுபோக்கு, அடுத்தவர் பிள்ளையை வெல்டிங் வகுப்பில் சேர்ப்பது.

முடிவெட்டும் கடையிலோ, தேவாலயத்துக் காபி மேசையிலோ, பள்ளிப் பந்தாட்டத்தின் இடைவேளையிலோ, மீசை அரும்பாத ஒருவன் தனியாக அகப்பட்டால் போதும், கையில் டோனட்டோடு வந்து அவனைச் சுவரோரம் ஒதுக்கிவிடுவார்.

"நாலு வருஷம் கடன் வாங்கிப் படிச்சு என்னத்தடா கிழிக்கப் போற? பேசாம நம்ம சமுதாயக் கல்லூரிக்குப் போ. பைப்பு, கரன்ட்டு, வெல்டிங்னு எதையாவது புடி. எங்க வீட்டு ஏசிய ரிப்பேர் பண்ண வர்றவன் வண்டியப் பாத்திருக்கியா? அது பக்கத்துல நிக்க என் வண்டிக்கே கூச்சமா இருக்கு!"

பல் மருத்துவராக வேண்டிய கோல்பி இப்படித்தான் வெல்டிங்குக்குப் போனான். அவன் அம்மா மார்லா, பக்கத்து வீட்டுக்காரி, சும்மா விடுவாளா?

"அப்போ உங்க டெலானி?"

"அவ விஷயம் வேற, மார்லா."

ஆமாம், வேறுதான். மகள் அதே கல்லூரியில் ஆன்லைனில் ஓராண்டு படித்து, பிறகு பல்கலைக்கழகம் போய், வக்கீலாகப் போகிறாள். அவள் அறைக்குள் வாத்தியார் குரல் கேட்டால் லாயிட் விரல் நுனியில் நடப்பார். நாய் குரைத்தால் நாய்க்குத் திட்டு, மிக்ஸி ஓடினால் மனைவிக்குத் திட்டு. ஒருநாள் கதவு வழியாக 'உருகுநிலை' என்று காதில் விழுந்தது. சட்டத்தில் உருகுவதற்கு என்ன இருக்கிறது? அவர் கேட்கவில்லை. நூலகம் போய்வந்த மகளின் சட்டைக் கையில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். கிழிசலைக் காசு கொடுத்து வாங்கும் காலம் என்று சிரித்துக்கொண்டார்.

வசந்தம் வந்தது, கல்லூரியில் கையெழுத்து விழாவும் வந்தது. பந்தாட்டக்காரர்கள் பல்கலைக்கழகத்தில் சேரும்போது நடக்கும் அதே தடபுடலோடு, இங்கே தொழிற்பிரிவுப் பிள்ளைகள் வேலைக்குக் கையெழுத்திடுவார்கள். சிறப்பு விருந்தினர் வேறு யார்? வெல்டிங் முகமூடியை முகம் மறைய இறக்கிவிட்டுக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக உட்கார, லாயிட் ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, மைக்கை நீட்டி, "உங்கப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் முகமூடியைத் தூக்குவார். அவரே கண்டுபிடித்த சடங்கு அது.

"நீங்க சொன்னதையேதான் சொன்னாரு சார்!" என்றான் கோல்பி. அரங்கம் சிரித்தது.

கடைசி முகமூடி. டொக், டொக்.

"உங்கப்பா என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலப்பா."

தூக்கினார். டெலானி. வியர்த்த முகம், பயந்த கண்.

"வக்கீல் படிப்புல மனசே ஒட்டலப்பா. இதுல ஒட்டுது. வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். வளர்ந்து எதிரே உட்கார்ந்திருந்தது. பாவம், உண்மையிலேயே வலித்தது மனிதருக்கு.

முன்வரிசையிலிருந்து மார்லா குரல் கொடுத்தாள்: "என்ன லாயிட், அவ விஷயம் வேறயா?"

லாயிட் மகளின் சட்டைக் கையைப் பார்த்தார். அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இல்ல மார்லா. ஒண்ணுதான்," என்றார். பிறகு மகளிடம், மைக்கை மறந்து, "கை ரொம்ப சுட்டுதாடி கண்ணு?"

அரங்கமே எழுந்து கைதட்டியது. ஒரே வாரத்தில், டெலானியை வெல்டிங்கில் சேர்த்ததே தான்தான் என்று முடிவெட்டும் கடையில் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இதைப் படித்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறதா? தாராளமாகக் காட்டுங்கள். போகிற வழியில், உங்கள் வீட்டில் சாத்தியிருக்கும் அந்த அறைக்கதவையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கள்.