வண்டி வைத்த புள்ளி

அன்றைக்கு வண்டியைச் சுற்றி நின்றவர்கள்: மெக்கானிக் சீனி. எதிர்வீட்டுத் தறிக்காரர். நான். கடைசியாக வந்தது கோலமாவு அக்கா.

அக்கா வந்துவிட்டால் மற்றவர்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான். செல்லூரில் அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கொடுத்து ஜெயித்த ஆள் கிடையாது. பவர்லூம் சத்தத்தையே அமுக்கிவிடும். கூடையில் கோலமாவு வைத்துத் தெருத்தெருவாக விற்கும். "கோலமா...வே" என்று கூவினால் ரெண்டு தெரு தள்ளித் தூங்குகிற பிள்ளை எழுந்து பல் விளக்கும். பேர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

என்னிடம் இருப்பது பழைய டீசல் வேன். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ லோடு அடிக்கிறேன். எங்கள் சந்தில் வண்டி நிறுத்துகிற அகலம் ஒரே இடத்தில்தான். அது அக்கா வாசல். விடியுமுன்னே நான் வண்டியை எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு அக்கா தண்ணி தெளிக்கும்.

வண்டிக்கு ஒரு வியாதி. இன்ஜின் ஆயில் ஒழுகும். நிறுத்திய இடத்தில் வரிசையாகச் சொட்டி வைத்திருக்கும். தண்ணி ஊற்றினாலும் போகாது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

"ஏய்யா டிரைவரு, இது வண்டியா, சளி பிடிச்ச பிள்ளையா? மூக்கைச் சிந்திவிட்டுக் கூட்டிட்டு வரக் கூடாதா?"

"பாக்குறேன்க்கா."

"எம்புட்டு நாளாப் பாப்ப? பாத்துப் பாத்தே உனக்குக் கண்ணாடி வந்துரும்."

எனக்குப் பேச வராது.

ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு வந்தால் வாசல் நிறையக் கோலம். நடுவில் என் எண்ணெய்ச் சொட்டு வரிசை. அதையே புள்ளியாக வைத்து, மேலேயும் கீழேயும் வெள்ளைப் புள்ளி கூட்டி, அக்கா நெளிக்கோடு இழுத்திருக்கிறது.

"என்னக்கா இது?"

"அழிக்க முடியல, சேத்துக்கிட்டேன். நடுவரிசை உன் வண்டி வைக்கிது. மிச்சம் நான் வைக்கிறேன்."

அதிலிருந்து திட்டு புள்ளிக் கணக்கில் விழுந்தது. மூணு சொட்டியிருந்தால், "என்னய்யா, வண்டி பட்டினியா? மூணை வச்சு நான் என்னத்தப் போட?" நாலு என்றால் இன்னும் மோசம். "ரெட்டப்படையா விழுகுது பாரு, வெளங்காத வண்டி." ஏழு விழுந்த அன்று மட்டும் திட்டு கிடையாது. சந்தே நின்று பார்க்கிற கோலம் வரும். எனக்கு ஒரு டீயும் வரும்.

எஃப்.சி. நேரம் வந்தது. வண்டி ஓடத் தகுதி என்று ஆபீசில் வாங்குகிற சீட்டு அது.

"அண்ணே, இம்புட்டு ஒழுகுனா எஃப்.சி. கெடையாது. பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்றான் சீனி.

வண்டி போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. படிப்பும் அஞ்சோடு சரி.

சீனி இன்ஜினுக்கு அடியில் ஆயிலை அடைக்கிற பேக்கிங்கை மாற்றினான். ஒழுகியது. போல்ட்டையெல்லாம் முறுக்கினான். ஒழுகியது. கடைசியில், பின்னாடி ஆயில் சீல் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கணும் என்றான். அந்தச் செலவுக்கு வண்டியை விற்றால்கூடக் காணாது.

எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று வண்டியை நிறுத்திய இடத்திலேயே பானெட் மூடியைத் திறந்து, மண்ணெண்ணெய் ஊற்றி இன்ஜினைக் கழுவித் துடைத்து, ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தறிக்காரர் எதற்கு என்றால், கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் அவருக்கு எல்லா விஷயத்திலும் அக்கறை வந்துவிடும்.

மண்ணெண்ணெய் ஓடி அன்றைய கோலம் பாதி கரைந்துபோனது. நாங்கள் கவனிக்கவில்லை. அக்கா கூடையோடு வந்து கவனித்தது.

"எவன்டா என் கோலத்தக் கழுவுனது?"

"லீக்கைத் தேடுறோம்க்கா" என்றான் சீனி.

"தேடுறதுக்கு என் வாசல்தான் கெடச்சுச்சா?"

கூடையில் கைவிட்டு ஒரு பிடி மாவை அள்ளி எறிந்தது. எறிந்தது என் மேல்தான். நான் விலகிக்கொண்டேன்.

இன்ஜின் முழுக்க வெள்ளை. சீனி மீசையும் வெள்ளை.

"ஐயோ அக்கா, கல்லுமாவு! இன்ஜின் உள்ள போனா தேஞ்சு போயிரும்!"

"போகட்டும். அது உள்ள இருக்குறதெல்லாம் என் வாசலுக்கு வரலாம், என் மாவு அதுக்குள்ள போகக்கூடாதா?"

அப்போது தறிக்காரர் மெதுவாகச் சொன்னார். "மாப்ள, அங்க பாரு."

வெள்ளையில் கறுப்பாய் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. உச்சியில், இன்ஜின் தலையை மூடுகிற டேப்பட் கவரின் பின்மூலையில் ஆரம்பித்து, இன்ஜின் முதுகு வழியாக வழிந்து, அடியில் விளிம்போடு பரவி, அங்கிருந்து சொட்டியது. தலையில் வைத்த குடம் ஒழுகுகிறது. நாங்கள் இத்தனை நாள் காலைத் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அக்காவும் எட்டிப் பார்த்தது. "கோடு நல்லாத்தான் இழுக்குது" என்றது.

கவரைக் கழற்றினால், உள்ளே இருந்த பேக்கிங் அப்பளமாட்டம் நொறுங்கியது. புதுசு போட்டான். கியர்பாக்ஸ் தப்பித்தது. எஃப்.சி. கிடைத்தது. இப்போது சீனி பட்டறையில் ஒரு டப்பா முகப்பவுடர் இருக்கிறது. அவனாகக் கண்டுபிடித்த முறை என்று சொல்லிக்கொள்கிறான்.

பேக்கிங் போட்ட மறுநாள் வந்தால் வாசல் வெறுமையாக இருந்தது. அக்கா படியில் உட்கார்ந்திருந்தது.

"கோலம் போடலயாக்கா?"

"புள்ளி எங்க?"

"லீக்கு நின்னுருச்சு."

"நின்னா ஒரு வார்த்தை சொல்லமாட்டியா? விடிஞ்சதுல இருந்து குனிஞ்சு தேடிக்கிட்டு இருக்கேன்."

அப்புறம் அக்காவை மகன் கூட்டிப்போய்விட்டான். நாகமலை புதுக்கோட்டையில் மாடி வீடு. டைல்ஸ் தரை. வாசல் கிடையாது, படிக்கட்டுதான். கதவுக்கு முன்னால் கோல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். சாமான் ஏற்றிப்போனது என் வண்டிதான். கிளம்பும்போது அக்கா கேட்டது.

"ஒழுகுதா?"

"இல்லக்கா."

"ம். நல்ல வண்டிதான்." முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு சந்தில் அந்த இடம் சுத்தமாகக் கிடந்தது. எண்ணெயும் இல்லை, மாவும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் காது அடைத்த மாதிரி இருந்தது.

போன மழையோடு வண்டி மறுபடி ஒழுக ஆரம்பித்தது. அதே கவர். "கொண்டு வாங்கண்ணே, அரை மணி நேர வேலை" என்கிறான் சீனி. "வாரேன்" என்கிறேன். போகவில்லை.

நேற்று நாகமலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பூ. இறக்கிவிட்டு, அந்த மாடி வீட்டுக்குக் கீழே சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தினேன். மேலே போகவில்லை. போய் என்ன பேச. தெருமுனையில் ஒரு டீ குடித்தேன். நேரம் போகட்டும் என்று இன்னொன்றும் குடித்தேன். வந்து வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டு, இறங்கி எண்ணிப் பார்த்தேன்.

ஏழு.