வலியற்ற தோட்டம்

கொடகவெலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஜீவராணிக்கு, வலது இடுப்பு மூட்டில் சின்னத் துளை போட்டு, கமரா விட்டு, சத்திரசிகிச்சை செய்தார்கள். "வெற்றிகரமாக நிறைவுற்றது" என்று அட்டையில் எழுதியும் கொடுத்தார்கள். எட்டு மாதமாகியும் வலி மட்டும் அந்த அட்டையை வாசிக்கவில்லை.

முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்துத் தூங்கினாள். வெந்நீர்ப் போத்தலை இடுப்பில் கட்டிக்கொண்டாள். படி ஏற நல்ல கால், இறங்க நோவுக் கால் என்று பழகிக்கொண்டாள். மலைதான் பழகவில்லை. நாற்றுமேடையில் உட்கார்ந்து பைக்கு மண் நிரப்பும் வேலை கேட்டு ஆபீசுக்குப் போனாள்.

பெரிய கிளாக்கர் சுரேந்திரன் அட்டையை மூன்று தரம் பார்த்தார்.

"வெற்றின்னு போட்டிருக்கே. லேசு வேலை குடுத்தா டாக்டரை நாங்க நம்பலைன்னு ஆயிரும்."

"அப்ப இந்த வலி, ஐயா?"

"அது பதிவில்லாத வலி. டிஸ்பென்சரியில கடிதம் வாங்கிட்டு வாங்க."

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் நாகலிங்கம் நல்ல மனிதர். பேனாவை எடுத்துவிட்டார். பிறகு சுவரைப் பார்த்து மூடிவைத்தார். அங்கே ஒரு போட்டியின் சுவரொட்டி: "வலியற்ற தோட்டம்". ஒரு மாதம் எவருக்கும் வலி பதியப்படாத தோட்டத்துக்குக் கேடயம்.

"முப்பதாந் தேதி வரைக்கும் பொறுத்துக்கங்கம்மா. ஒண்ணாந் தேதி கடிதம் நிச்சயம்."

லயத்து வரிசை வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டுப் புஷ்பம் பிடித்துக்கொண்டாள். "ஒன் ஒரு இடுப்பால கேடயம் போயிரணுமா? எனக்குந்தான் முழங்கால் போகுது. நான் வாய் தெறந்தேனா?"

ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டு மலை ஏறினாள். தோட்டமே பல்லைக் கடித்தது.

முப்பதாந் தேதி அதிகாரிகள் வந்தார்கள். நொண்டாமல் நடந்த நூற்றுப்பன்னிரண்டு பேரையும் மெச்சினார்கள். சத்திரசிகிச்சை வெற்றிக்கு உயிருள்ள சான்று என்று ஜீவராணியை மேடைக்கு அழைத்து, அவள் கையிலேயே கேடயத்தைக் கொடுத்தார்கள். நல்ல பாரம். இடுப்பு சுரீர் என்றது. சிரித்தாள். படம் அழகாக வந்தது.

ஒன்றாந் தேதி காலை கடிதம் வாங்கப் போனாள். அவளுக்கு முன்னாலேயே நீண்ட வரிசை: முழங்காலைப் பிடித்துக்கொண்டு புஷ்பம், முதுகைப் பிடித்துக்கொண்டு சுரேந்திரன். கதவில் பூட்டு. பூட்டுக்கு மேலே மூன்று மொழியிலும் அறிவித்தல்: "இத்தோட்டத்தில் வலி முற்றாக ஒழிக்கப்பட்டமையால், இம்மருந்தகம் தேவையுள்ள தோட்டமொன்றுக்கு மாற்றப்பட்டுள்ளது."

"இப்ப என்னங்கையா செய்யிறது?" என்றாள் ஜீவராணி.

சுரேந்திரன் நிமிரப் பார்த்தார், முடியவில்லை. குனிந்தபடியே சொன்னார்:

"திருப்பிக் கேட்டு எழுதலாம். ஆனா நமக்கு வலி இருக்குன்னு டிஸ்பென்சரியில இருந்து ஒரு கடிதம் வேணும்."