சின்சில்லாக் கட்டுரையில் விடுபட்ட படி

பெருமதிப்பிற்குரிய மாணவர் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஜொகூர் தெப்ராவிலிருந்து, இரண்டாம் படிவ மாணவி தேன்மொழி த/பெ திருச்செல்வம் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். எங்கள் வீட்டில் மனிதர்கள் மூவரும் நலம். சின்சில்லாக்கள் இரண்டின் நலம் குறித்தே இக்கடிதம். நடந்தவற்றைக் கூட்டாமல் குறைக்காமல், எனக்குச் சாதகமில்லாதவற்றையும் சேர்த்து, உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இதழில் “புதிய சின்சில்லாவைப் பழையதோடு நட்பாக்க ஆறு படிகள்” என்ற என் கட்டுரையை வெளியிட்டீர்கள். அதற்கு மிக்க நன்றி. முயலின் காதும் அணிலின் வாலும் மலைக்குளிரைத் தாங்கும் அடர்ந்த ரோமமும் உடைய பிராணி என்று அதில் வருணித்திருந்தேன். அதை எழுதியபோது எங்களிடம் எள்ளு என்ற ஒரே சின்சில்லாதான் இருந்தது. அதற்கு ஆறு வயது. ஆகவே நட்பாக்குவது பற்றி நான் எழுதியதெல்லாம் நூலகப் புத்தகங்களில் படித்தது. கட்டுரை வந்த அன்று அப்பா ஐந்து பிரதிகள் வாங்கினார். ஒன்றிலிருந்து கட்டுரையை வெட்டி லேமினேட் செய்து, தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் ஷிஃப்டில் இருந்த அனைவரிடமும் காட்டினார். அதுவரை “ஒன்னே போதும், வீடா மிருகக்காட்சி சாலையா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர், பக்கத்து வீட்டுச் சிகப்பி அக்கா கூச்சிங்கிற்குப் படிக்கப் போவதால் தன் சின்சில்லா அவலை யாரிடம் விடுவது என்று கலங்கி நின்றபோது, நான் வாய் திறப்பதற்குள் “எங்ககிட்ட விடும்மா, அதுக்கு முறை இருக்கு, பேப்பர்லயே வந்திருக்கு” என்று சொல்லிவிட்டார். விடுமுறைக்கு அக்கா வரும்வரை அவலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக நானும் அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

சிக்கல் இங்கேதான், ஐயா. நான் எழுதியவை ஏழு படிகள். அச்சில் வந்தவை ஆறு. விடுபட்டது இரண்டாம் படி: “இரண்டு கூண்டுகளையும் இரண்டு விரல் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு வாரம் பொறுத்திருங்கள். தொடாமலே பார்த்துப் பழகட்டும்.” இடம் போதாமல் வெட்டியிருப்பீர்கள். பத்திரிகைகளில் அது வழக்கம் என்று படித்திருக்கிறேன், எனக்குக் கோபமில்லை. ஆனால் அப்பாவிடம் எடுத்துச் சொன்னபோது நடந்தது இது:

“அப்பா, நான் எழுதினதுல இன்னொரு படி இருந்துச்சு.”

“பேப்பர்ல இல்லையே.”

“எழுதினதே நான்தானப்பா!”

“நீ சின்னப் பிள்ள, ஆயிரம் எழுதுவ. அவங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவாங்க. ஒன்ன எடுத்திருக்காங்கன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் லா.”

எங்கள் வீட்டில் குளிரூட்டும் ஏர்கோன் இருப்பது அப்பா அம்மாவின் அறையில் மட்டும். ஜொகூர் வெயிலில் சின்சில்லா அங்கேதான் வாழ முடியும் என்பதால், போன சனிக்கிழமை வந்த அவலை, முதல் படியில் உள்ளபடி, தனிக் கூண்டில் அலமாரியோரம் வைத்தோம். எள்ளு வழக்கம்போல் சன்னலோரம். ஞாயிறன்று அப்பா லேமினேட் செய்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அச்சில் உள்ளபடி இரண்டாம் படியைத் தொடங்கினார். சின்சில்லா தண்ணீரில் குளிக்காது, மாவுபோன்ற மண்தூளில் புரளும். ஒன்று புரண்ட தூளில் மற்றதைப் புரளவிட்டால் வாசனை பழகும் என்று எழுதியிருந்தேன். எள்ளு அந்தத் தூளை முகர்ந்துவிட்டு, அவமானப்பட்டதுபோல் நாலாபக்கமும் உதறித் தள்ளியது. அம்மா வேலைக்குப் போட இஸ்திரி செய்து மாட்டியிருந்த உடைகள் எல்லாம் சாம்பல் நிறமாயின. அம்மா கதவைத் திறந்து, “அலமாக்! ரூமுக்குள்ள யாரு சிமெண்டு கொழச்சது?” என்றார். அப்பா அட்டையைத் தூக்கிக் காட்டி, “ரெண்டாம் படி” என்றார்.

மூன்றாம் படி, இரண்டுக்கும் பழக்கமில்லாத பொது இடத்தில் சந்திக்கவிடுவது. பழக்கமில்லாமலும் இருக்கவேண்டும், குளிராகவும் இருக்கவேண்டும் என்று யோசித்த அப்பா, செவ்வாய்க்கிழமை மாலை காரை வாசலில் நிறுத்தியபடியே ஏர்கோனை ஓடவிட்டு, பின் இருக்கையில் என்னையும் இரண்டு சின்சில்லாக்களையும் உட்காரவைத்தார். “எங்க கெளம்பிட்டீங்க?” என்று அம்மா கேட்டதற்கு, “எங்கயும் இல்ல, மூனாம் படி” என்று பதில் வந்தது. எள்ளு பின்னங்கால்களில் எழுந்து நின்றது. பெண் சின்சில்லா அப்படி நின்றால் எதிரி மீது சிறுநீர் பீய்ச்சப்போகிறது என்று பொருள். இதையும் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் நினைவு வருவதற்குள் பீய்ச்சிவிட்டது. அவல் தாவித் தப்பியது. எல்லாம் அட்டை மேல் விழுந்தது. அப்பா அதை நிதானமாகத் துடைத்து, “பாத்தியா, லேமினேட் பண்ணது எவ்ளோ நல்லதாப் போச்சு” என்றார்.

நேற்று நான்காம் படி: ஒரே நேரத்தில் ஒரே தின்பண்டம். ஆளுக்கொரு உலர்ந்த திராட்சை கொடுத்தோம். எள்ளு தன்னுடையதைத் தின்றது, அவலுடையதைப் பிடுங்கித் தின்றது, பிறகு அவலின் முதுகைக் கவ்வியது. பயந்தால் ரோமத்தைக் கழற்றிவிட்டு ஓடுவது சின்சில்லாவின் தற்காப்பு. எள்ளுவின் வாயில் ஒரு கொத்து வெள்ளை ரோமம். அவலின் முதுகில் ஐம்பது காசு அளவுக்கு வழுக்கை. காயமில்லை. ஆனாலும் அது மூலையில் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்னால் தோசை சாப்பிட முடியவில்லை.

அப்பா அந்த ரோமக் கொத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, “எனக்கும் மனசு கேக்கல. ஞாயித்துக்கெழம அஞ்சாம் படி, ஒரே கூண்டுல விடுறோம். ஒத்து வரலன்னா அவலைத் தங்காக்ல தங்கராஜு கடைக்கு அனுப்பிடலாம். துணிக்கடை, நாள் முழுக்க ஏர்கோன்” என்றார். தங்கராஜு மாமா அப்பாவின் நண்பர், தங்காக் ஊரில் கடை வைத்திருக்கிறார்.

“அனுப்புங்க. பொடவையெல்லாம் கடிச்சு ஓட்ட வேல பண்ணிக் குடுக்கும்” என்றார் அம்மா.

ஞாயிறன்று ஒரே கூண்டில் விட்டால் எள்ளு இம்முறை ரோமத்தோடு நிறுத்தாது, ஐயா. நிறுத்தினாலும் அவல் தங்காக் போய்விடும். சிகப்பி அக்காவுக்கு நான் கொடுத்த வாக்கு என்னாவது? எனவே இந்த ஞாயிறு இதழில், “இடமின்மையால் இரண்டாம் படி விடுபட்டது, வருந்துகிறோம்” என்று திருத்தம் வெளியிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கட்டம் கட்டிப் போட்டால் நல்லது. கட்டத்துக்குள் இருப்பதை அப்பா இன்னும் அதிகமாக நம்புவார்.

தங்கள் இதழ் நூறாண்டு கடந்தும் வீடுதோறும் வரவும், தங்கள் இல்லத்துப் பிராணிகள் ஒற்றுமையாக வாழவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
தி. தேன்மொழி

பி.கு.: சான்றாக என் மூலப்பிரதியைப் படமெடுத்து அனுப்பலாமென்று கட்டுரை நோட்டைத் திறந்தேன். அதில் ஆறு படிகள்தான் இருக்கின்றன. மூன்று முறை எண்ணிவிட்டேன். கூண்டுகளைப் பக்கத்தில் வைப்பதைப் புத்தகத்தில் அவ்வளவு கவனமாகப் படித்ததால், எழுதியும் விட்டதாக நினைத்திருக்கிறேன். தாங்கள் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. மன்னித்துவிடுங்கள். திருத்தம் மற்ற வாசகர்களுக்குத் தேவைதான். ஆனால் “இடமின்மையால்” என்பதை “எழுதியவரின் கவனக்குறைவால்” என்று மாற்றிப் போடவும்.

நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

“அப்ப பேப்பர்காரங்க எடுக்கலையா?”

“இல்லப்பா. நான்தான் எழுதாம விட்டுட்டேன்.”

அப்பா அட்டையைப் பார்த்தார். “ஷிஃப்ட்ல அத்தன பேருக்கும் காட்டிட்டேனே” என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்துபோய், அழியாத மார்க்கர் பேனாவைக் கொண்டுவந்து நீட்டினார். “எழுது. அது மேலயே எழுது. கையெழுத்துப் போட்டு, தேதியும் போடு.”

விடுபட்ட படியை அட்டையின் மேல் எழுதினேன். இரண்டு முறை படித்தார். “சரி. நாளைக்கு இதையும் காட்டுறேன்” என்று சொல்லிவிட்டு, இடம் பண்ணுவதற்காகக் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தார். அலமாரிப் பக்கம் எள்ளுவின் கூண்டைத் தள்ளிவந்து, அவலின் கூண்டுக்கு அருகில் இரண்டு விரல் வைத்து அளந்தார். “இப்ப நாம எங்க படுக்கிறது?” என்று அம்மா கேட்டார். “ரெண்டு வாரந்தானே” என்று அப்பா பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

அவல் கம்பியோரம் வந்து அமர்ந்தது. எள்ளு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது, அதே ஓரத்தில். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.