யானைச் சங்கிலியில் முள்ளம்பன்றி

ஒரு காட்டில், அதுவும் சட்டம் ஒழுங்கெல்லாம் பிரமாதமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்ட காட்டில், சகாயமேரி என்ற முள்ளம்பன்றி தன் குட்டிகளோடு குடியிருந்தாள். அடுத்த மரத்தடியில் ஜெயசீலன் என்ற யானை. பரம சாது. ஒரு நாள் காலையில் கன்னத்தில் மதநீர் வழிய வந்து நின்றான்.

"அக்கா, மண்டைக்குள்ள என்னவோ பண்ணுது. பார்க்கிறதையெல்லாம் மிதிக்கணும்போல இருக்கு. உங்க வளை வேற என் கால்கிட்டயே இருக்கு. யார்கிட்டயாவது சொல்லி என்னைக் கட்டிப்போடச் சொல்லுங்களேன்."

வளைக்குள் குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. சகாயமேரி அடுப்பை அணைத்துவிட்டு அவனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் ஆந்தை டாக்டர். "போலீஸ் கூட்டிட்டு வந்தாத்தான் சேர்ப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பகலில் அவருக்கு அவ்வளவுதான் பேச்சு.

ஸ்டேஷனில் செந்நாய் இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரையாவது மிதிச்சானா?"

"இல்லை சார். மிதிக்கிறதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கேன்."

"என்னம்மா நீ. மிதிச்சா நாங்க வருவோம். மிதிக்காதவனைப் பிடிச்சு வெச்சா நாளைக்கு எவனாவது கேள்வி கேட்பான்."

"அவனே கட்டச் சொல்றான் சார்."

"கட்டச் சொல்ற அளவுக்குப் புத்தி தெளிவா இருக்கு பாரு. அப்புறம் எதுக்குக் கட்டணும்? தம்பி, வீட்டுக்குப் போய் மோர் குடிச்சிட்டுப் படு."

வீட்டுக்காம். குட்டிகள் தூங்குகிற வளைக்குப் பக்கத்தில்தானே அந்த வீடு. சகாயமேரிக்குப் பகீரென்றது. முள்ளம்பன்றிக்குப் பயம் வந்தால் அழத் தெரியாது, முள்தான் எழும்பும். உடம்பு முழுக்க எழும்பியது.

"சார், ஆயுதம்" என்றது கான்ஸ்டபிள் கீரி, மேஜைக்கடியிலிருந்து.

இதற்குச் சட்டத்தில் தாராளமாக இடம் இருந்தது. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடியவள், கண்ணால் பார்த்த சாட்சி உண்டு, பிடித்து வைக்கலாம். ஸ்டேஷனில் இருந்தது ஒரே ஒரு சங்கிலி, யானைக்கென்று வாங்கியது. அதை அவள்மேல் சுற்றோ சுற்றென்று சுற்றினார்கள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"என் பிள்ளைங்க வீட்ல தனியா இருக்காங்க" என்றது மூக்கு.

"பார்த்தியா, அடங்கவே மாட்டேங்குது" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜெயசீலன் வாசலில் நின்று யோசித்தான். புத்தி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. வெளியே போனான். டமாரென்று ஒரு சத்தம். திரும்பி வந்தபோது முன்னங்காலில் ஒரு ஹெட்லைட் மாட்டியிருந்தது.

"சார், உங்க ஜீப்பை மிதிச்சிட்டேன். இப்பக் கட்டுவீங்களா?"

இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்தார். அப்படி ஒரு சுறுசுறுப்பை அந்த ஸ்டேஷன் அதுவரை பார்த்ததில்லை. கீரி பாய்ந்து வந்து சகாயமேரியின் சங்கிலியைக் கடகடவென்று அவிழ்த்தது. அவள் உடம்பை உதறிக்கொண்டு எழுந்தாள். ஜெயசீலன் சமர்த்தாகக் காலை நீட்டினான்.

"நீங்க ஓடுங்கக்கா" என்றான். "குட்டிங்க எழுந்திருக்கிற நேரம்."

நீதி: ஆபத்து வருமுன்பே போலீசிடம் சொல்வது நல்ல குடிமகளின் கடமை. போகும் வழியில் ஜீப் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்ல தாயின் கடமை.