வேரைத் தோண்டிப் பார்க்கிறவர்

மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காவிட்டால் விரல் நுனி அரிக்கிற மனிதர்களை உங்களுக்குத் தெரியும். இட்லிப் பானையில் ஆவி கட்டுவதற்குள் மூன்று தடவை மூடியைத் தூக்குவார்கள், தூளியை விலக்கி, "தூங்குதா?" என்று தூங்குகிற குழந்தையின் காதிலேயே கேட்பார்கள்; கல்யாணமாகி மாலை வாடாத பெண்ணிடம் "விசேஷம் ஏதாச்சும் உண்டா கண்ணு?" என்பார்கள், டி.வி.யில் படம் பளிச்சென்று தெரிகிற நேரமாகப் பார்த்து மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவை லேசாகத் திருப்பிப் பார்ப்பார்கள். கெட்ட எண்ணமா? கிடையவே கிடையாது. அக்கறை. அந்த அக்கறையைத்தான் தாங்க முடியாது.

அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த பாலுசாமி இந்த ரகத்தில் முதல் தரம். இப்படிப்பட்டவர் சோளமோ கம்போ போட்டிருந்தால் பிழைத்தார். எல்லாம் மண்ணுக்கு மேலே வெட்டவெளிச்சமாக நிற்கும். அவர் போட்டதோ மருந்துக் கூர்க்கன். மருந்துக் கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போகிற கிழங்கு. மண்ணுக்குள்ளே விரல் விரலாக இறங்கி, ஆறு மாசம் யார் கண்ணிலும் படாமல் வளர்கிற பயிர். வேறு வினை வேண்டுமா?

போன வருசம் வேரழுகல் வந்து தோட்டமே போயிற்று. இந்த வருசமும் அழுகினால் நிலத்தை வீட்டுமனையாகச் சைட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டுப் பெருந்துறையில் மகன் வீட்டோடு போய்விடுவது என்று பாலுசாமி முடிவு கட்டியிருந்தார். அவர் மனைவி முத்தாத்தாளுக்கு அந்தப் பேச்சே வேப்பங்காய். மருமகள் அடுப்படியில் நின்றுகொண்டு உப்பு டப்பா எங்கே, புளி எங்கே என்று கேட்டுக் கேட்டுச் சமைக்கிற வயசா அவளுக்கு? தோட்டம் பிழைத்தாக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் விவசாய ஆபீசிலிருந்து சாயிரா பானு மேடம் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி இருந்தது. சூடோமோனாஸ் என்று பெயராம். அதற்குள் இருப்பது உயிருள்ள பாக்டீரியாவாம்.

"கிருமிங்களா? தோட்டத்துல இருக்கற கிருமி பத்தாதுங்களா மேடம்?" என்றார் பாலுசாமி.

"இது நல்ல கிருமிங்க. நடற தண்டை இதுல நனைச்சு நடுங்க. மக்குன எருவுல கலந்து தூர்லயும் போடுங்க. வேரைச் சுத்திக் குடியேறிக்கும். அழுக வைக்கற பூஞ்சாணம் வந்தா ஒட்ட விடாது."

கிளம்பும்போது மேடம் திரும்பிச் சொன்னார்: "வேர்ல மட்டும் காயம் படாமப் பாத்துக்குங்க. காயம் பட்டா அந்த வழியாப் பூஞ்சாணம் உள்ள பூந்துரும்."

முத்தாத்தாளுக்கு விளங்கிவிட்டது. பாலுசாமிக்குப் பாதி விளங்கியது. பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்; பார்த்துவிட வேண்டியதுதான்.

செடி வேர் பிடிப்பதற்குள் ஆரம்பித்தார். விடிந்ததும் வாயில் வேப்பங்குச்சியோடு போவார், கையிலிருக்கும் களைக்கொத்தால் தூரைக் கிளறுவார், வேரை வெளிச்சத்தில் திருப்புவார், மோந்து பார்ப்பார், இரண்டு நுனியைக் கிள்ளியும் பார்ப்பார், மண்ணைத் தள்ளி ஒரு மிதி மிதித்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்வார்.

"என்னுங்க பண்றீங்க?" என்றாள் முத்தாத்தாள்.

"பாக்டீரியா வேலை செய்யுதான்னு பாக்கறேன் அம்மணி."

"தெரியுதுங்களா?"

"அது கண்ணுக்குத் தெரியாதாமா."

"தெரியாததை என்னத்துக்குங்க பாக்கறீங்க?"

"பாக்காம, தெரியலைங்கறது எப்படித் தெரியும்?"

இந்த ரகத்தோடு வாதாடி ஜெயித்தவர் உண்டா?

கொஞ்ச நாளில் செடிகள் வாட ஆரம்பித்தன. எல்லாச் செடியும் அல்ல. பக்கத்துத் தோட்டத்துச் சீனிவாசலு வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, கெணத்து மேட்டுல இருந்து வாய்க்கா வரைக்கும் கோடு போட்டாப்பல வாடியிருக்குது. நோய் உங்ககூடவே வாக்கிங் போகுதுங்களா?"

"அதையேதான் நானுஞ் சொல்றேன், பவுடர் பலிக்கலை!" என்றார் பாலுசாமி. "நாளையில இருந்து மொத்தத் தோட்டத்தையும் தோண்டிப் பாத்துப்போடோணும். சைட்காரனையும் ஒரு எட்டு வரச் சொல்லோணும்."

முத்தாத்தாளுக்குக் களைக்கொத்தைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் சப்பாத்தி தேய்க்கிறபோது மாவைப் பிடுங்குகிற குழந்தையை நீங்கள் என்ன செய்வீர்கள்? அடித்தால் ஊரைக் கூட்டும். ஓர் உருண்டையைக் கையில் கொடுத்து உட்கார வைத்தால் அது பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருக்கும். அன்று ராத்திரி சோறு போடும்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, அத்தனை செடியையும் ஒருத்தராப் பாக்க முடியுங்களா? மேக்கு ஓரத்துல ரெண்டு வரிசை உங்குளுது. அதைத் தீரப் பாருங்க. அதுல இருக்கறதுதானுங்க மிச்சத்துலயும் இருக்கும்?"

பாலுசாமியின் முகம் மலர்ந்தது. "சாம்பிளு!"

"ஆமாங்க. சாம்பிளுங்க."

அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மேற்கு ஓரத்தில் முக்காலி போட்டு, தலையில் துண்டைக் கட்டி, ஒவ்வொரு வேரையும் நாள் தவறாமல் நலம் விசாரித்தார். கால் மிச்சத் தோட்டத்துப் பக்கம் நகர்ந்தால் வீட்டிலிருந்து குரல் வரும்: "அவத்த போகாதீங்க, சாம்பிளு கெட்டுப்போயிரும்!" அறிவியலுக்குக் கட்டுப்பட்டு அவரும் திரும்பிவிடுவார்.

கிழங்கு தோண்டும் நாள் வந்தது. முத்தாத்தாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பாலுசாமி கை வைக்காத இடமெல்லாம் கிழங்கு கொத்துக் கொத்தாக, திரட்சியாக, வாசனையோடு வந்தது. மேற்கு ஓரத்து இரண்டு வரிசையிலும் கறுத்துப்போன கூழ்.

பாலுசாமி அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார்.

"பாத்தியா அம்மணி?"

"பாத்தனுங்க."

"அப்பறம் வந்த நோவு பூராத்தையும் இந்த ரெண்டு வரிசையிலயே புடிச்சு நிறுத்திப்போட்டேன். கண்ணு எடுக்காமப் பாத்தாத் தப்பிச்சு எங்க போகும்?"

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டாள். "ஆமாங்க. அப்ப அந்தச் சைட்காரன்?"

"அவன் எதுக்கு? அடுத்த வருசமும் கூர்க்கன்தான். சாம்பிளு நாலு வரிசை."

"மூணு போதுமுங்க."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். அந்த ரகம் என்று யார் சொன்னது? ஆனால் தோட்டம் பிழைத்ததா போயிற்றா என்று தெரிந்துகொள்ள, நடுவிலே அத்தனையும் விட்டுவிட்டு முதலில் இந்தக் கடைசி வரிக்கு வந்து எட்டிப் பார்த்தீர்களே, அது யாருங்க?